மாதிரியோடு ஒப்பிடப்பட்டது

ஆசிரியருக்காகக் காத்திருந்த நேரத்தில் எல்லோரும் அவரவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு வழியில்லை. கல்லூரியின் அந்த அறையில் போன ஆண்டுவரை அழகுக்கலை வகுப்பு நடந்தது. முடிவெட்டும் நாற்காலிகளைக் கழற்றிக்கொண்டு போனவர்கள் சுவரில் பதித்த நிலைக்கண்ணாடிகளை விட்டுவிட்டார்கள். அவற்றின் முன்னால் கம்ப்யூட்டர்களை வரிசையாக வைத்து, வாசலில் 'எதிர்காலத் தொழில்நுட்ப ஆய்வகம்' என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். தலை அலசும் தொட்டி ஒன்று இன்னும் மூலையில் இருந்தது. ஹீட்டர் சூடேறச் சூடேற அறைக்குள் ஷாம்பூ வாசனை கிளம்பியது.

"என் மூஞ்சிய இவ்வளவு நேரம் நான் பார்த்ததே இல்ல," என்றான் டெல்மர் ஓட்ஸ். "என்னை விட்டுட்டுப் போன பொண்டாட்டி மேல இப்ப எனக்குக் கோபமே இல்ல."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த லோரெய்ன் பிளாஹா சிரிக்கவில்லை. கீபோர்டைத் தொடாமல் அதன்மேல் விரல்களை விரித்துவைத்து, எந்த எழுத்து எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்தப் பக்கம் ஷெரீஸ் மேக்வெல், கோட்டைக் கழற்றாமல், பையை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் போல உட்கார்ந்திருந்தாள்.

மூவரும் கார்வர்டனில் இருந்த ஆலையில் வேலை செய்தவர்கள். காருக்குள் விளக்குக்கும் ஹாரனுக்கும் ஓடுகிற வயர்களைக் கட்டாகக் கட்டித் தருகிற ஆலை. ஆளுக்கொரு பெரிய பலகை. பலகை முழுக்க ஆணிபோன்ற முளைகள். முளை முளையாக வயரை வளைத்து இழுத்து டேப் சுற்ற வேண்டும். புது மாடல் வரும்போது வேலை வரிசையின் பொறுப்பாளர் முதல் கட்டைக் கட்டுவார். இன்ஸ்பெக்டர் அதைச் சோதித்துப் பச்சை விளக்கைப் போட்டதும், அதைப் பலகைக்கு மேலே கொக்கியில் மாட்டுவார்கள். அதற்குப் பெயர் மாதிரி. அப்புறம் வருகிற ஒவ்வொரு கட்டும் மாதிரியைப் போலவே இருக்க வேண்டும். கட்டி முடித்தவர் அதன் சீட்டில் 'மாதிரியோடு ஒப்பிடப்பட்டது' என்று எழுதி, தன் பெயரின் முதலெழுத்துகளைப் போட வேண்டும். ஒரு வயர் மாறியிருந்தாலும் கட்டு குப்பைப் பெட்டிக்குப் போகும். முதலெழுத்துப் போட்டவர் பெயர் கேன்டீன் சுவருக்குப் போகும்.

லோரெய்ன் பாதி ஆயுளை அந்த வரிசையில் கழித்தவள். கடைசி ஆண்டுகளில் அதன் பொறுப்பாளர். டெல்மருக்கு அவள் இப்போதும் 'பாஸ்'தான். கோடையில் ஆலை பலகைகளையும் முளைகளையும் கொக்கிகளையும் லாரியில் ஏற்றிக்கொண்டு மெக்சிகோ போய்விட்டது.

வேலை வெளிநாட்டுக்குப் போனவர்களுக்கு அரசாங்கம் ஒரு திட்டம் வைத்திருந்தது. ஏதாவது படித்தால் வாராவாரம் பணம் வரும், மருத்துவக் காப்பீடும் தொடரும். ஒரு பாடத்தில் தோற்றாலும் இரண்டும் நின்றுவிடும். லோரெய்னின் கணவன் வெர்னன் வார்ப்பட ஆலையில் மணல் தூசியைச் சுவாசித்து நுரையீரலைக் கெடுத்துக்கொண்டவன். வரவேற்பறையில் ஆக்சிஜன் மெஷினோடு குழாயால் கட்டிப்போடப்பட்டு உட்கார்ந்திருந்தான். அந்த மெஷின் காப்பீட்டில் ஓடியது. அவள் கேட்ட நர்ஸ் உதவியாளர் படிப்பில் இடமில்லை. புரோகிராமிங்கில் இருந்தது. சேர்த்துவிட்ட அதிகாரி அதை "வளரும் துறை" என்றார்.

ஆசிரியருக்கு முன்னால் டாக்டர் மெரிடித் ஹாஸ்கெல் வந்தார். மாணவர் வெற்றிக்கும் கல்வி நேர்மைக்கும் அவர்தான் டீன். இரண்டும் ஒரே மேசையில் நடந்தன. வாழ்த்திப் பேசுவதற்காகக் கண்ணாடிகளுக்கு முதுகு காட்டி நின்றார். கண்ணாடிகளில் அவருடைய முதுகுகளும் அவரோடு வரிசையாக நின்றன.

"நீங்க யாரும் வேலையை இழக்கல," என்றார். "வேலைதான் உங்களை இழந்துடுச்சு."

"பாவம், இப்ப எங்க உக்காந்து அழுதுகிட்டிருக்கோ," என்றான் டெல்மர் வாய்க்குள்.

"மெக்சிகோவுல," என்றாள் ஷெரீஸ்.

டீன் போன பிறகு, நனைந்த கோட்டோடு, இரண்டு பிளாஸ்டிக் பெட்டிகளைச் சுமந்துகொண்டு ஆசிரியர் உள்ளே வந்தார். கார்த் லிண்ட்க்விஸ்ட். டெல்மருக்கு மகனாக இருக்கக்கூடிய வயது. மூன்று ஊர்களில் மூன்று கல்லூரிகளில் பாடம் நடத்துகிறவர். எதிலும் நிரந்தரமில்லை, எதிலும் அறையில்லை.

"சந்தேகம்னா என் ஆபீஸ்ல வந்து பார்க்கலாம்," என்றார். "கறுப்பு கார். பார்க்கிங்ல மூணாவது வரிசை. பின்சீட்டுல பேப்பர் இருக்கும், நகர்த்திட்டு உக்காருங்க."

பிறகு ஆளுக்கொரு தாளைக் கொடுத்துக் கையெழுத்து கேட்டார். கல்வி நேர்மை பற்றிய உறுதிமொழி. பொடி எழுத்து.

"இதுல என்ன இருக்கு?" என்று கேட்டாள் லோரெய்ன்.

"மூணு கல்லூரியிலயும் இதே தாள்தாங்க. அச்சு அசல். மேல இருக்குற முத்திரை மட்டும் வேற."

எல்லோரும் போட்டார்கள்.

வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது மழை பெய்து, பெய்த இடத்திலேயே உறைந்திருந்தது. படியில் டெல்மர் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து, கெட்டுப்போன முட்டியை ஒவ்வொரு படியாக இறக்கினான். பிறகு சட்டைப்பையிலிருந்து ஆலையின் அடையாள அட்டையை எடுத்து லோரெய்னின் காரின் முன்கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்ட ஆரம்பித்தான். ஆலையிலும் குளிர்காலத்தில் ஷிப்ட் முடிந்தால் அவன்தான் வரிசைப் பெண்களின் கார்களைச் சுரண்டுவான். அட்டையில் அவன் படம் பாதி அழிந்திருந்தது.

"அத இன்னுமா வச்சிருக்க?" என்றாள் லோரெய்ன்.

"முப்பது வருஷம் கழுத்துல மாட்டிட்டுத் திரிஞ்சேன். இது எதுக்குச் செஞ்சதுன்னு இப்பதான் புரியுது."

முதல் பாடம், கம்ப்யூட்டர் திரையில் உலகத்துக்கு வணக்கம் சொல்வது. புரோகிராம் எழுதுகிறவர்கள் எல்லோரும் அதில்தான் தொடங்குவார்கள் என்றார் கார்த். லோரெய்ன் ஒரு மேற்கோள் குறியை விட்டுவிட்டாள். உலகத்துக்குப் பதிலாகப் பிழை என்று சிவப்பு எழுத்தில் நான்கு வரி வந்தது. குறியைப் போட்டாள். வணக்கம் போய்ச் சேர்ந்தது. டெல்மரின் திரையில் அன்று முழுவதும் சிவப்புதான்.

"நான் வணக்கம் சொன்னா உலகத்துக்கே பிடிக்கல," என்றான்.

வாரங்கள் போயின. வந்தவர்களில் பலர் நின்றுவிட்டார்கள். டெல்மருக்கு ஒன்றும் ஏறவில்லை. ஆனால் ஒரு வகுப்பும் தவறாமல் வந்தான். ஷெரீஸ் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள், எதையும் நம்பவில்லை. லோரெய்ன்தான் பிடித்துக்கொண்டாள். அது மெதுவாகத்தான் நடந்தது. ஒரு வரி எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று திரையில் விரலை வைத்து இழுத்துப் பார்ப்பாள். கார்த் அவள் பின்னால் நின்று கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்ப்பார். உதடு அசைவது நின்றால் புரிந்துவிட்டது என்று அர்த்தம்.

ஒருநாள் கார்த், வேறு யாரோ எழுதிவைத்த புரோகிராமை ஒரே வரியில் அழைத்துப் பயன்படுத்துவது எப்படி என்று காட்டினார்.

"நல்ல புரோகிராமர் சோம்பேறி," என்றார். "ஒருத்தர் எழுதிச் சரியா ஓடுதுன்னா, அதையே எடுத்துப் போட்டுக்கணும். திரும்ப எழுதுறவன் முட்டாள்."

"இது நம்ம ஆலைதான்," என்றான் டெல்மர். முதல்முறையாக நோட்டில் ஏதோ எழுதினான்.

அடுத்த வீட்டுப்பாடம் சம்பளக் கணக்கு. ஒருவர் வேலை செய்த மணிநேரத்தைக் கொடுத்தால் வாரச் சம்பளம் வர வேண்டும். நாற்பது மணிநேரத்துக்கு மேல் போனால் ஒன்றரை மடங்கு. எழுதி அனுப்பினால் கல்லூரியின் கம்ப்யூட்டரே சோதித்துப் பார்க்கும். தவறென்றால் சிவப்பு. சரியென்றால் பச்சை.

லோரெய்ன் அதோடு ஒரு வாரம் மல்லுக்கட்டினாள். சமையலறை மேசையில், அந்தப் பக்கம் மெஷின் பெருமூச்சு விட, தாளில் எழுதி எழுதி அடித்தாள்.

"இன்னிக்கு என்ன சொல்லிக்குடுத்தாங்க?" என்று வெர்னன் அங்கிருந்தே கேட்டான்.

"ஓவர்டைம் கணக்கு."

"வேலையைப் பிடுங்கிட்டு ஓவர்டைம் கணக்கா." சிரிக்கப் போய் இருமினான். இருமல் அடங்கும்வரை அவள் பேனாவை மேலே தூக்கிப் பிடித்திருந்தாள்.

மணிநேரத்தை எந்தப் பெயரில் வைத்துக்கொள்வது என்ற இடம் வந்தது. எழுதுகிறவர் விருப்பம்போலப் பெயர் வைக்கலாம் என்று புத்தகம் சொன்னது. வீட்டில் நாள் முழுக்க மணியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் ஒருவன்தான். 'வெர்னன்' என்று வைத்தாள்.

வகுப்பு இல்லாத ஒரு மதியம் மூவரும் ஆய்வகத்தில் இருந்தபோது பச்சை வந்தது. லோரெய்ன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கண்ணாடியில் அவள் கழுத்தெல்லாம் சிவந்திருந்தது. எழுந்துபோய், புரோகிராமை அச்செடுத்து வந்து, டெல்மருக்கும் ஷெரீஸுக்கும் நடுவில் கண்ணாடியின் மேல்விளிம்பில் கிளிப்பால் மாட்டினாள். கொக்கியில் மாட்டுகிற அதே உயரத்தில் மாட்டினாள்.

இருவரும் நாற்காலியைச் சரிசெய்துகொண்டு அடிக்க ஆரம்பித்தார்கள். ஒரு வரி பார்ப்பதும், ஒரு வரி அடிப்பதும், விரல் வைத்து ஒப்பிடுவதும். ஆலை மூடிய பிறகு அவர்கள் மூவரும் சேர்ந்து வேலை செய்தது அன்றுதான்.

"பாஸ், வெர்னன் இதுக்குள்ள என்ன பண்றான்?"

"மணிநேரம்."

"என் நாய் பேர வச்சுக்கவா? டியூக். அடிக்கச் சுலபம்."

"மாதிரியில இருக்குறத மாத்தாத, டெல்மர்."

"சரி பாஸ்."

ஷெரீஸுக்குப் பச்சை வந்தது. பிறகு, மூன்றாவது முயற்சியில், டெல்மருக்கும் வந்தது. அவன் கைகளை மேலே தூக்கினான். கண்ணாடியில் இருந்தவனும் தூக்கினான். முதல் வரியில் எழுதுகிறவர் குறிப்பு எழுத இடம் உண்டு என்று கார்த் சொல்லியிருந்தார். இருவரும் அதில் ஒன்றுபோல எழுதினார்கள்: 'மாதிரியோடு ஒப்பிடப்பட்டது — டெ.ஓ.', 'மாதிரியோடு ஒப்பிடப்பட்டது — ஷெ.மே.' லோரெய்ன் இரண்டையும் எட்டிப் பார்த்துத் தலையசைத்தாள். பிறகு தன்னுடையதிலும் எழுதினாள். முதல் கட்டுக்கும் சீட்டு உண்டு.

அடுத்த வகுப்பு முடிந்ததும் கார்த் மூவரையும் ஆபீசுக்குக் கூப்பிட்டார். பேப்பர்களை நகர்த்திவிட்டு ஷெரீஸும் லோரெய்னும் பின்னால் உட்கார்ந்தார்கள். டெல்மர் முன்சீட்டில் முட்டியை மடக்க முடியாமல் கதவைப் பாதி திறந்து வைத்திருந்தான். மூச்சில் கண்ணாடிகள் மங்கின.

"நான் அனுப்பல," என்றார் கார்த். "அதத்தான் முதல்ல சொல்லணும். எல்லாரோட புரோகிராமையும் ஒரு மென்பொருள் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்பார்க்கும். ஒரே மாதிரி இருந்தா அதுவே டீனுக்கு அனுப்பிடும். என்னால நிறுத்த முடியாது."

"ஒரே மாதிரிதான் இருக்கும்," என்றாள் லோரெய்ன். "ஒத்துப்பார்த்துத்தான் அனுப்பினோம்."

"அதான். அதக் கையெழுத்துப் போட்டு வேற அனுப்பியிருக்கீங்க. காப்பியடிச்சவங்க கையெழுத்துப் போட்டு நான் பார்த்ததே இல்ல."

"ஆலையில போடலன்னா அரை நாள் சம்பளம் பிடிப்பாங்க," என்றாள் ஷெரீஸ்.

கார்த் ஸ்டீயரிங்கைப் பார்த்தபடி விதியைச் சொன்னார். பார்த்து எழுதினவர்களுக்கு அந்த வீட்டுப்பாடத்தில் மட்டும் பூஜ்யம். ஒரு ஒப்புதல் எழுதிக்கொடுத்துவிட்டுப் படிப்பைத் தொடரலாம். பார்க்கக் கொடுத்தவர் பாடத்திலேயே தோற்றதாகக் கணக்கு.

"கொடுத்தவருக்கா?" என்றான் டெல்மர். "எழுதத் தெரிஞ்சவங்களுக்கா பெரிய தண்டனை?"

"திருடினதவிட வித்தது பெரிய குத்தம்னு வச்சிருக்காங்க."

"யாரும் எதுவும் விக்கல," என்றாள் லோரெய்ன். "அத எழுதினது —"

"சொல்லாதீங்க." கார்த் வேகமாகத் திரும்பினார். "எங்கிட்ட சொன்னா நான் எழுதிக்குடுத்தாகணும். அடுத்த பருவத்துக்கு என்னைக் கூப்பிடுறதும் விடுறதும் அந்த டீனம்மாதான்." பிறகு, "நாளைக்கு டீன் உங்க மூணு பேரையும் விசாரிப்பாங்க. அங்க சொல்லிக்கலாம்," என்றார்.

அன்று மாலை லோரெய்ன் ஆக்சிஜன் மெஷினின் வடிகட்டியைக் கழற்றிக் கழுவினாள். அது கழுவ வேண்டிய நாள் இல்லை. வெர்னன் மாற்றுச் சிலிண்டரில் மூச்சு விட்டபடி, மடியில் பேப்பரை வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தான்.

"சம்பளக் கணக்கு என்னாச்சு? வந்துச்சா?"

"பச்சை வந்துச்சு."

"எனக்குத் தெரியும்," என்றான். மூச்சு வாங்கிக்கொண்டு, "நான் பக்கத்து வீட்டுக்காரன்கிட்ட சொல்லிட்டேன்," என்றான்.

டீனின் அறையில் கம்பளம் இருந்தது. மலையுச்சியில் ஒருவன் தனியாகக் கைகளை விரித்து நிற்கிற படம் இருந்தது. கீழே 'தனித்துவம்' என்று போட்டிருந்தது. அதே படம் கீழ்த்தளத்தில் உணவகத்திலும் இருந்தது, பணம் கட்டும் கவுன்டரிலும் இருந்தது. மூவரும் ஒரே நீள மேசையின் ஒரு பக்கத்தில் உட்கார்ந்தார்கள். கார்த் சுவரோரம் நின்றார். அவருக்கு நாற்காலி போடவில்லை.

டாக்டர் ஹாஸ்கெல் மூவருடைய புரோகிராம் தாள்களையும் அருகருகே வைத்தார்.

"இந்தக் கல்லூரி உருப்படி தயாரிக்கிற இடம் இல்ல," என்றார். "இது சிந்திக்கிற இடம். ஒவ்வொருத்தரோட சிந்தனையும் கைரேகை மாதிரி. ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்கவே முடியாது." மேலும் சில நிமிடங்கள் கைரேகையைப் பற்றிப் பேசினார்.

"ஆலையில இப்படித்தான் மேம் செய்வோம்," என்றாள் லோரெய்ன். "ஒண்ணு சரியா வந்தா அத மேல மாட்டிருவோம். ஒளிச்செல்லாம் செய்யல. அங்க மாத்திச் செஞ்சாத்தான் தப்பு."

"அந்த உலகத்துலேருந்து உங்களை வெளிய கொண்டுவரத்தான் நாங்க இருக்கோம்."

"சாரும் சொன்னாரு," என்றான் டெல்மர். "ஒருத்தர் எழுதினத எடுத்துப் போட்டுக்கணும், திரும்ப எழுதுறவன் முட்டாள்னு. நோட்டுல எழுதி வச்சிருக்கேன்."

டீன் கார்த்தைப் பார்த்தார். கார்த் தன் ஷூவில் ஒட்டியிருந்த, பனி கரையத் தெருவில் தூவும் உப்பைப் பார்த்தார்.

"அது வேற சூழல்," என்றார்.

"அது வேற சூழல்," என்றார் டீனும். பிறகு பேனாவின் மூடியைக் கழற்றினார். "எனக்குத் தெரிய வேண்டியது ஒண்ணுதான். மூலப் பிரதி யாரோடது?"

லோரெய்ன் கைகளை மேசைமேல் எடுத்து வைத்தாள். சொல்ல வேண்டியதை வீட்டிலேயே யோசித்து வைத்திருந்தாள். வாயைத் திறந்தாள்.

"என்னோடது மேம்," என்றான் டெல்மர்.

ஹீட்டர் ஒருமுறை இழுத்து மூச்சு விட்டது. ஷெரீஸ் மடியிலிருந்த பையின் ஜிப்பைப் பாதிவரை திறந்து, மூடினாள்.

"நீங்க எழுதினதா?"

"ஆமா. ஒரு வாரம் ஆச்சு. மண்டை காஞ்சுபோச்சு."

டீன் தாளை அருகில் எடுத்துப் படித்தார். அவர் படித்தது கல்வி மேலாண்மை. அந்த வரிகள் அவருக்கும் டெல்மருக்கும் ஒரே அளவுக்குத்தான் புரிந்தன. ஒரு சொல்லில் நின்றார்.

"இந்த வெர்னன் யாரு?"

லோரெய்னின் விரல்கள் மேசைமேல் அசையாமல் இருந்தன.

"என் நாய் மேம்," என்றான் டெல்மர். "கிழட்டு நாய். நாள் முழுக்க மணியப் பார்த்துட்டு உக்காந்திருக்கும். அதான் மணிநேரத்துக்கு அது பேர்."

டீன் முதல்முறையாகப் புன்னகைத்தார். "திரு. லிண்ட்க்விஸ்ட், உங்களுக்கு ஏதாவது சொல்லணுமா?"

கார்த் நிமிர்ந்தார். கண்ணாடியில் எத்தனையோ மதியங்கள் லோரெய்னின் உதடு அசைவதைப் பார்த்தவர் அவர். இப்போது அவளைப் பார்க்கவில்லை.

"திரு. ஓட்ஸ் வகுப்புக்குத் தவறாம வருவாரு," என்றார்.

"எனக்கு வருத்தமா இருக்கு திரு. ஓட்ஸ்," என்றார் டீன். "உங்களுக்கு இயல்பாவே ஒரு திறமை இருக்கு. அத இப்படி வீணாக்கியிருக்க வேண்டாம்."

"எங்கம்மா இருந்து இதக் கேட்டிருக்கணும்," என்றான் டெல்மர்.

டீன் எழுதினார். எழுதிக்கொண்டே, "திருமதி பிளாஹா, அப்போ நீங்க இவரோடதப் பார்த்துத்தான் எழுதினீங்க?" என்று கேட்டார்.

மேசைக்கடியில் டெல்மரின் பூட்ஸ் அவள் காலை மிதித்தது. லேசாக அல்ல.

"திருமதி பிளாஹா?"

"ஆமா," என்றாள் லோரெய்ன்.

ஷெரீஸிடம் கேட்டபோது அவளும் அதையே சொன்னாள். டெல்மர் தன் கல்லூரி அடையாள அட்டையைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்றும், அன்று மாலையோடு அது எந்தக் கதவையும் திறக்காது என்றும், நினைவாக வைத்துக்கொள்ளலாம் என்றும் டீன் சொன்னார்.

வெளியே நடைபாதையில் லோரெய்ன் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"என்ன பண்ணிட்ட நீ? என்ன பண்ணப்போற?"

"மச்சான் டொலீடோவுல கூரை போடுறான். ஆள் கேட்டுக்கிட்டே இருக்கான்."

"இந்த முட்டிய வச்சுக்கிட்டா?"

"ஏறுறதுதான் கஷ்டம். இறங்குறது தானா நடக்கும்."

"நான் உள்ள போய்ச் சொல்றேன். எழுதினது நான்னு சொல்றேன்."

"சொல்லு. எழுதினதுக்கு உன்னத் தள்ளுவாங்க, பொய் சொன்னதுக்கு என்னத் தள்ளுவாங்க. வெர்னன் எதுல மூச்சு விடுவான்?" அவள் பிடியை மெல்ல விடுவித்தான். "கணக்குப் போட்டுப் பாரு பாஸ். நம்மள்ல புரோகிராமர் நீதான்."

அவள் அங்கேயே நின்றாள். அவன் படிகளின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்தான்.

டீன் அறையை ஒட்டி அவருடைய செயலாளரின் மேசை இருந்தது. திருமதி க்ராப். சாக்லேட் கிண்ணம் வைத்திருந்தார். வருகிறவர்களையெல்லாம் செல்லமாக 'ஹனி' என்று கூப்பிட்டு, எடுத்துக்கொள்ளச் சொல்வார். ஷெரீஸ் முதலில் ஒப்புதலை எழுதிக்கொடுத்துவிட்டு, லோரெய்னின் தோளைத் தொட்டுவிட்டு, பஸ்ஸுக்கு ஓடினாள்.

திருமதி க்ராப் லோரெய்னின் முன்னால் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார். மேலே 'என் சொந்தச் சொற்களில்' என்று அச்சடித்திருந்தது. பக்கத்தில் பிளாஸ்டிக் உறை போட்ட இன்னொரு தாளை வைத்தார்.

"இதுதான் மாதிரி, ஹனி. இதப் பார்த்து அப்படியே எழுதிடுங்க."

"அப்படியேவா?"

"போன பருவத்துல ஒருத்தர் சொந்தமா யோசிச்சு எழுதினாரு. டீன் மூணு தடவ திருப்பி அனுப்பிட்டாங்க. எதுக்கு வம்பு? உங்க பேரும் தேதியும் மட்டும் மாத்திக்கோங்க. சாக்லேட் எடுத்துக்கோங்க."

லோரெய்ன் மாதிரியைச் சற்று மேலே நகர்த்தி, கண்ணுக்கு நேராக வைத்துக்கொண்டாள். ஒரு வரி பார்த்தாள், ஒரு வரி எழுதினாள். நேர்மையின் மதிப்பைத் தான் உணர்ந்ததாக எழுதினாள். சுயமாகச் சிந்திக்கும் வாய்ப்பைத் தவறவிட்டதற்கு வருந்துவதாக எழுதினாள். முடித்துக் கொடுத்தாள்.

திருமதி க்ராப் இரண்டு தாள்களையும் அருகருகே வைத்து, ஸ்கேலை வரி வரியாக இறக்கினார். நடுவில் ஸ்கேல் நின்றது.

"இங்க ஒரு வார்த்தை விட்டுப்போச்சு, பாருங்க. மாதிரியில 'இந்தப் புரோகிராம் என் சொந்த உழைப்பு அல்ல'ன்னு இருக்கு. நீங்க 'என் சொந்த உழைப்பு'ன்னு நிறுத்திட்டீங்க." கனிவாகவே சொன்னார். அடித்துத் திருத்தினால் டீன் ஏற்கமாட்டார் என்று இழுப்பறையிலிருந்து புதுத் தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

லோரெய்ன் பேனாவை எடுத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். வெளியே மறுபடி மழை உறைந்திருந்தது. கார்களெல்லாம் வெள்ளையாக, ஒன்றுபோல நின்றன. அவற்றில் ஒன்றின் மேல், முட்டி கெடாத காலை ஊன்றிச் சாய்ந்துகொண்டு, டெல்மர் முன்கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டிருந்தான். அது அவளுடைய கார். கையில் இருந்தது புது அட்டை. கல்லூரி முத்திரை பளபளத்தது. அட்டை வளைய வளைய, பனி தூளாக அவன் சட்டைக் கைக்குள் விழுந்தது. ஓட்டுகிறவர் பக்கத்தில், ஒரு முகம் வெளியே பார்க்கிற அளவுக்கு இடம் தெளிந்திருந்தது. அவன் நகர்ந்து அடுத்த பக்கத்தைத் தொடங்கினான்.

"அவசரமில்ல ஹனி," என்றார் திருமதி க்ராப்.

லோரெய்ன் தாளை நேராக்கி, முதல் வரியிலிருந்து எழுதினாள். அந்த இடம் வந்ததும் மாதிரியின்மேல் விரலை வைத்துக்கொண்டு அந்தச் சொல்லையும் எழுதினாள். திருமதி க்ராப் ஸ்கேலை மறுபடி இறக்கி, அடிவரை வந்து, மூலையில் தன் பெயரின் முதலெழுத்துகளைப் போட்டார்.